கார் போர்ச்சில் ஒரு கிழங்கு

யுகேந்திரன் ஆள்காட்டி விரலைத் தொட்டி மண்ணுக்குள் விட்டு எடுத்தார். விரலில் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தது. காலில் இன்னும் சப்பாத்து கழற்றவில்லை, தோளில் பை இறக்கவில்லை, அதற்குள் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“எப்படிலா ஈரமாவும்? நான் ஒரு சொட்டு ஊத்தி எத்தன மாசமாச்சி!”

தொட்டியைப் பார்த்துத்தான் கேட்டார். உள்ளேயிருந்து மனைவி விமலா, “வந்ததும் வராததுமா யாருகிட்ட சண்ட? பசியாற வாங்க, தோச ஆறுது” என்று குரல் கொடுத்தாள்.

வாரம் முழுக்க அவருக்குத் தஞ்சோங் மாலிமில் வேலை. கார் தொழிற்சாலையில் சாயம் அடிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற டெக்னீஷியன். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலையில்தான் ஈப்போவில், குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டுக்கு வருவார். வருகிற மனிதன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க வேண்டாமா? இவர் முதலில் தொட்டிக்குள் விரலை விடுவார். இந்தச் சனிக்கிழமையும் ஈரம். போன சனிக்கிழமையும் ஈரம்.

தொட்டியில் இருந்தது ஸீஸீ செடி. ஈப்போவில் எந்த வங்கிக்குள் நுழைந்தாலும் மூலையில் மெழுகு தேய்த்ததுபோல் பளபளவென்று நிற்குமே, சீனப் பெருநாளுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி வாசலில் வைப்பார்களே, அதேதான். தண்ணீர் இல்லாமல், வெயில் இல்லாமல், கவனிப்பார் இல்லாமல் வளரும் என்று பெயர் வாங்கிய செடி. யாராலும் சாகடிக்க முடியாது என்று கடைக்காரன் அடித்துச் சொல்லுவான். அது யுகேந்திரன் வீட்டு போர்ச்சில் மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

அதை அங்கே வைத்துவிட்டுப் போனவள் மகள் லோஷினி. பல்கலைக்கழகத்தில் தாவரம் படித்தவள். முதல் வருஷம் ஒரே ஓர் இலையை மண்ணில் ஊன்றி, கடைசி வருஷத்துக்குள் அதிலிருந்து இந்த முழுச் செடியை எடுத்தாள். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. படிப்பு முடிந்ததும் கூச்சிங்கில், கண்ணாடிப் புட்டிகளுக்குள் செடி வளர்க்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அன்றுதான் வீட்டில் பூகம்பம்.

யுகேந்திரனின் அப்பாவும் அம்மாவும் பத்து காஜா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருட்டோடு எழுந்து போய் ரப்பர் பால் வெட்டியவர்கள். அந்தத் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காடாகிவிட்டது. மரத்தை விட்டு இயந்திரத்துக்கு வந்தது அவருக்குச் சாதாரண விஷயமில்லை. மண்ணைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வீடு வாங்கிய பிறகு முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று ஒவ்வொன்றாக, ஒரு சாண் விடாமல் சிமெண்ட் பூசிக்கொண்டே வந்தார். அப்படிப்பட்டவர் மகளுக்காகத் தொழிற்சாலை அலுவலகத்தில் ஒரு வேலைக்கு மேலாளரிடம் வாய்விட்டுக் கேட்டுவைத்திருந்தார். அவளைக் கேட்காமல்தான். அவள் மாட்டேன் என்றாள்.

“செடி நடறதுக்கா ஒன்ன படிக்க வெச்சேன்? எங்கப்பா அம்மா அதுலேர்ந்து வெளிய வர்றதுக்கு அவங்க ஆயுசே போச்சி!” என்று குதியாய்க் குதித்தார். அவளும் அவர் மகள்தானே, ஒன்றுக்கு இரண்டாய்த் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் கிளம்பிய அன்று அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸுக்கு அவளை ஏற்றிவிட விமலா மட்டும் போனாள். கிளம்புமுன் லோஷினி கதவுக்கு வெளியே நின்று, “அப்பா, என் செடிய மட்டும் பாத்துக்குங்க. தண்ணி அதிகம் வேணாம்” என்றாள். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு அப்பனும் மகளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் முதல் சனிக்கிழமை அவர் செடியைப் படம் எடுத்து, ஒன்றும் எழுதாமல், அவளுக்கு அனுப்பினார். ஏன் அனுப்பினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அரை மணி நேரம் கழித்து “நல்லா இருக்கு பா” என்று பதில் வந்தது. அடுத்த சனிக்கிழமையும் படம், அடுத்த சனிக்கிழமையும் பதில். மெல்ல மெல்ல பதில் நீண்டது. ‘பா, நீளமா நிக்கிறது கிள இல்ல. ஒன்னொன்னும் ஒரு முழு இல. தண்டு மண்ணுக்குள்ள கிழங்கா இருக்கு’ என்று ஒரு வாரம். ‘ஆப்பிரிக்காவுல அது வளர்ற எடத்துல மாசக்கணக்குல மழ பெய்யாது. அதான் கிழங்குல தண்ணி சேத்து வெச்சிக்குது’ என்று ஒரு வாரம். ‘அடியில டார்ச் அடிச்சிப் பாருங்க, பூ இருக்கலாம்’ என்று ஒரு வாரம்.

டார்ச் அடித்துக் குப்புறப் படுத்துப் பார்த்தார். மண்ணை ஒட்டி, பிஞ்சுச் சோளம் போல ஒன்று, வெளிர்ப்பச்சை மடலைப் போர்த்திக்கொண்டு ஒளிந்திருந்தது. பூ என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் அதைப் பல கோணத்தில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். தொழிற்சாலைக்குப் போய் வேலையாட்களிடமும் காட்டினார். கூட வேலை செய்யும் தர்மா, “என்னண்ணே, பேரப்புள்ள பொறந்த மாதிரி காட்டுறீங்க” என்று கிண்டலடித்தான். கோபம் வரவில்லை. அந்தச் செடி இருக்கும்வரை சனிக்கிழமைக்கு ஒரு பேச்சு இருந்தது. அது போய்விட்டால் மகளிடம் போக அவருக்கு வேறு சாக்கு கிடையாது. ‘எப்படிம்மா இருக்க’ என்று நேரே கேட்டுவிடலாம்தான். அதற்கு நாக்கு புரள வேண்டுமே!

பிறகுதான் இந்த ஈரம் ஆரம்பித்தது.

தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் ஒழுகினால் யுகேந்திரன் எங்கிருந்து என்று கண்டுபிடிக்காமல் சாப்பிடப் போகமாட்டார். அந்த ரோஷத்தோடு இறங்கினார். முதலில் கூரை. ஏணி போட்டு ஏறி, போர்ச் தகரத்தில் இருந்த ஆணி ஓட்டை ஒவ்வொன்றையும் சிலிக்கோன் வைத்து அடைத்தார். அடுத்த வாரமும் ஈரம். மழைச் சாரல் என்று முடிவுகட்டிக் கான்வாஸ் கட்டினார். ஈரம். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தார். ஈரம்.

சந்தேகம் பக்கத்து வீட்டு லியோங் மேல் போனது. லியோங் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் கழுவுகிறவர். கைக்குழாயை இப்படியும் அப்படியும் வீசுகிறவர். சுவருக்கு மேல் தலையை நீட்டி யுகேந்திரன் நறுக்கென்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டார். லியோங் தம் வீட்டுச் செருப்புத் தட்டைக் காட்டினார். அங்கே, பழைய சப்பாத்துகளுக்கு நடுவே, அவருடைய ஸீஸீ செடி இடுப்புயரம் நின்றது. “தா பாயா ஆயர்லா!” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். தண்ணீரே வேண்டாமாம். இவருக்குத் தெரியாதாக்கும்! யுகேந்திரன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

விமலாவையும் விடவில்லை. “நீ பைப்ப இங்க கொண்டாந்தியா?”

“எனக்கு வேற வேல இல்ல? நீங்க தொடக்கூடாதுன்னு சொன்னதுலேர்ந்து கூட்டறப்பகூட நான் அத நகத்தறதில்ல.”

கடைசியில் மண்தான் குற்றவாளி என்று தீர்மானித்தார். பத்து காஜாவுக்குக் காரை எடுத்துப்போய், ஈயம் தோண்டிய பழைய லம்பத்து வெள்ளை மணலை ஒரு மூட்டை அள்ளி வந்தார். தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய கை எடுக்குமுன் கீழே இறங்கிவிடுகிற மணல். செடியைப் பெயர்த்து மணல் கலந்து நட்டார். அப்போது கிழங்குகளைப் பார்த்தார். உருளைக்கிழங்கு அளவில், கெட்டியாக, தோல் பழுப்பாக இருந்தன. ஒன்றிரண்டின் ஓரம் மட்டும் அமுங்கியது. கருணைக்கிழங்கு நறுக்கியதுபோல் கை இரண்டும் அரித்து வீங்கிவிட்டது. அதுவும் சேம்பு, கருணை வகைதான் என்று லோஷினி முன்பே எழுதியிருந்தாள். இவர் கையுறை போடுகிற ஆளா?

மணலும் நனைந்தது. போதாக்குறைக்குத் தொட்டியில் ஒரு புளித்த வாடை வந்தது. மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சைக்கு மருந்து வாங்கித் தூவினார். ஓர் இலை அடியிலிருந்து மஞ்சளாகிச் சாய்ந்தது. அந்த வாரம் மஞ்சள் தெரியாத பக்கமாக நின்று படம் எடுத்தார். அடுத்த வாரம் இன்னொன்று சாய்ந்தது. நல்ல பக்கம் என்று ஒன்று மிச்சமில்லை. பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினார். ‘ஓகே பா’ என்று பதில் வந்தது. மகளிடம் பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சனி, ஞாயிறு சோறு வேப்பங்காயாகக் கசந்தது. அடுத்த வாரமும் அதே படத்தைத்தான் அனுப்பினார்.

அந்த வாரத்துக்குப் பிறகு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு முடிந்து, வியாழனோடு விடுமுறை விட்டார்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்பது அவருக்கு அபூர்வம். சாயங்காலம் கூடத்தில் நாற்காலி போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். இன்றைக்கு யாராக இருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று. லியோங் கார் கழுவினார். ஒரு துளி இந்தப் பக்கம் விழவில்லை. சாமியறையில் மணி அடித்தது, சாம்பிராணிப் புகை வந்தது. விமலா விபூதி கொண்டு வந்து நீட்டினாள். பூசிக்கொண்டார்.

பிறகு விமலா பித்தளைச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போர்ச்சுக்குப் போனாள். தலை ஈரத் துண்டோடு இருந்தது. தொட்டி முன்னால் குனிந்தாள். மிச்சமிருந்த இலைகளை, தூங்குகிற பிள்ளையின் முடியை ஒதுக்குவதுபோல் ஒரு கையால் ஒதுக்கினாள். மறு கையால், அடியைச் சுற்றிச் சொம்பைக் கவிழ்த்தாள். முருகனைக் குளிப்பாட்டிய பாலும் தண்ணீரும். கலசத்து மஞ்சள் தண்ணீரும். உதடு ஏதோ முணுமுணுத்தது.

“அடியே!”

யுகேந்திரன் போட்ட சத்தத்தில் லியோங் குழாயைக் கீழே போட்டுவிட்டார்.

“என்னங்க?”

“என்ன பண்ற நீ? தண்ணி ஊத்தாதன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே!”

“சாமி கழுவுன தண்ணிங்க. கால் படற எடத்துல ஊத்தலாமா?” விமலாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. “ஒரு சொம்புதானே. இது போயி செடிய என்னா பண்ணிடும்?”

“வாராவாரம் ஊத்துனியா?”

“வெள்ளிக்கெழம தவறாம.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். கூரை ஏறியது, கான்வாஸ் கட்டியது, மணல் சுமந்தது, கை வீங்கியது எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தது. “வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?”

இப்போது விமலாவுக்கும் கோபம் வந்தது. “எங்க இருக்கு எடம்? காட்டுங்க. முன்னுக்குச் செம்பருத்தி இருந்துச்சி, அதுக்கடியில ஊத்திக்கிட்டிருந்தேன். காடி நிப்பாட்டணும்னு புடுங்கிட்டு சிமெண்டு போட்டீங்க. பின்னால துளசி இருந்துச்சி, இந்த வருசம் அதயும் விடல. இந்த வீட்டுல மண்ணுன்னு இருக்கறது இந்த ஒரு தொட்டிதான். சாமி தண்ணிய லொங்கான்லயா ஊத்தச் சொல்றீங்க?”

 சாக்கடையில் ஊற்றச் சொல்ல யுகேந்திரனுக்கும் மனம் வரவில்லை. பிறகு ஆற்றமாட்டாமல், “அப்படி என்னதான் வேண்டிக்கிட்டு ஊத்துன? ஒதடு அசஞ்சிச்சே” என்றார்.

“வேண்டுதல நெறவேறாம வெளிய சொல்லக்கூடாது” என்று சொல்லிவிட்டு அவள் சொம்போடு உள்ளே போய்விட்டாள்.

அவர் தொட்டியைச் சாய்த்தார். நிமிர்ந்து பச்சையாக நின்ற கடைசி இரண்டு இலைகளும் கையோடு வந்துவிட்டன. அடியில் வேர் இல்லை. மணலைக் கிளறினார். கிழங்கெல்லாம் அழுகிய வாழைப்பழம்போல் விரலில் மசிந்தது. ஒன்றையாவது அமுக்கினால் கெட்டியாக இருக்காதா என்று தேடித் தேடி அமுக்கினார். இல்லை. மேலே மட்டும் அந்த இரண்டு இலைகளும் நேற்றுத்தான் துடைத்ததுபோல் பளபளத்தன. யுகேந்திரன் சிமெண்ட் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அழுதார். விமலா உள்ளேயிருந்து பார்த்தாள். வெளியே வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. படம் அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. பழைய படத்தின் மேல் கட்டை விரலை வைத்தார், எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, மகள் எண்ணை அழுத்திவிட்டார்.

“அப்பா?” லோஷினியின் குரலில் பயம் இருந்தது. “அம்மாவுக்கு என்னா?”

“அம்மாவுக்கு ஒன்னுமில்ல. செடி போச்சி.”

அவள் கேட்குமுன் அவரே தொடர்ந்தார்.

“ஒங்கம்மா சாமி தண்ணிய ஊத்திட்டா. வாராவாரம். பாலோட.” தம் குரல் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் இருப்பது அவருக்கே கேட்டது. “அவளயும் சொல்ல முடியாது. எல்லாத்துலயும் நான் சிமெண்டு போட்டுட்டேன்.”

“கெழங்கு எல்லாமே போச்சா? அமுக்கிப் பாத்தீங்களா?”

“பாத்தேன். மசிஞ்சி போச்சி. ஆனா மேல ரெண்டு இல அப்படியே இருந்திச்சே! நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“அது அப்படித்தான் பா. கீழ எல்லாம் போனாலும் மேல காட்டிக்காது” என்றாள். “எனக்குத் தெரியும் பா. ரெண்டு வாரமா ஒரே படத்த அனுப்புறீங்க. அதுல பூ இருக்கு. அந்தப் பூவெல்லாம் எப்பவோ வாடியிருக்கணும்.”

யுகேந்திரனுக்கு முகம் சுட்டது. “தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேட்டா, நீங்க அனுப்புறத நிப்பாட்டிடுவீங்க.”

அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். “அன்னைக்கு பஸ் ஏத்திவிட நான் வந்திருக்கணும்” என்றார். “தூங்கல நான். முழிச்சிதான் கெடந்தேன்.”

“தெரியும். ஃபேன் ஓடல. ஈப்போ வெயில்ல ஃபேன் போடாம யாரு பா தூங்குவா?”

லோஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்த ரெண்டு இலய தூக்கிப் போட்டீங்களா?” என்று அதட்டினாள்.

“இருக்கு, இருக்கு.”

“அதுல இருக்கற சின்ன இலைய ஒன்னொன்னா கிள்ளுங்க. கிள்ளுன எடம் காயட்டும். அப்புறம் காஞ்ச மணல்ல ஊனி வைங்க. கையுறை போடுங்க!”

“எப்ப மொளைக்கும்?”

“மொதல்ல அடியில கடல அளவுக்கு ஒரு கெழங்கு வரும். மேல ஒன்னுமே தெரியாது. ஒரு வருசம்கூட ஆவும்.”

“ஒரு வருசமா? நீ படிச்ச படிப்புல வேகமா வர்றதுக்கு ஒரு வழியும் இல்லியா? யூடியூப்புல ஒருத்தன் மூனு வாரம்ங்கறான்!”

“யூடியூப்காரனையே கேட்டுக்குங்க அப்ப!”

“ஒரு மெஷின் இப்படி வேல செஞ்சா நாங்க தூக்கிப் போட்ருவோம், தெரியுமா?”

“அது மெஷின் இல்ல பா! தோண்டித் தோண்டிப் பாத்தீங்க, நானே வந்து ஒங்க கைய ஒடைப்பேன்!”

குரல் தெருமுனைவரை கேட்டது. ஒரு வருஷம் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் மண்ணையும் மணலையும் சாக்கு வைத்து இரண்டு பேரும் கொட்டித் தீர்த்தார்கள். போனை வைத்தபோது யுகேந்திரனின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. தோசை ஆறி விறைத்துக் கிடந்தது.

மத்தியானம் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போர்ச்சில் உட்கார்ந்தார். செம்பருத்தி இருந்த மூலையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு சதுரம் கிழித்து, தாம் பூசிய சிமெண்ட்டைத் தாமே உடைக்க ஆரம்பித்தார். அதைப் பூசியபோது உறுதிக்கு ஒரு பங்கு கூடவே போட்டிருந்தார். இப்போது ஒவ்வொரு அடிக்கும் தம்மையே திட்டிக்கொண்டார். லியோங் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தலையை இழுத்துக்கொண்டார்.

விமலா தேநீர் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். சதுரத்தைப் பார்த்தாள். அது எதற்கு என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இப்ப சொன்னா தப்பில்ல” என்றாள்.

“என்ன?”

“வேண்டுதல். நீங்களும் அவளும் வாய் தொறந்து பேசணும்னுதான் ஊத்துனேன். அவ செடியாச்சே, அதுல ஊத்துனா அவளுக்குப் போயி சேரும்னு.”

சுத்தியல் பாதியில் நின்றது. யுகேந்திரன் அவளை அண்ணாந்து பார்த்தார். “அதுக்குச் செடிய கொல்லணுமா?”

“நான் எங்க கொன்னேன்? அவருக்கு வேற வழி தெரியல போல” என்று சாமியறைப் பக்கம் தலையை ஆட்டினாள். “ஆளு நீங்க அப்படி.”

அவர் உளியை வைத்து ஓங்கி அடித்ததில் சிமெண்ட் பாளம் ஒன்று பெயர்ந்து, அடியில் கறுப்பாக மண் தெரிந்தது. அப்போது போன் அடித்தது. கூச்சிங்கிலிருந்து மகள்.

தூசிக் கையோடு எடுத்து, “இப்பதானே வெச்ச! மறுபடியும் என்னலா?” என்று கத்தினார்.